சாவியைக் கதவில் வைத்ததும் ஏன் முட்டிக்கொண்டு வருகிறது?

ஈசூன் டாக்சி:

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. 27 வருடமாகச் சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டில் மகளிடம் பேச முடியாது. காப்பிக்கடையில் என்கூட டாக்சி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கைமருந்து சொல்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒரு வருடமாக ஒன்றுக்குப் போவதில் சிரமம். பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருக்கிறது. எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிவறை திறந்திருக்கும், எந்தக் காப்பிக்கடையில் வாசலில் 20 காசு வைக்க வேண்டும் என்று தீவு முழுவதும் மனப்பாடம். அடித்துப் பிடித்து ஓடிப் போய் நின்றால் உடனே வராது. பக்கத்தில் இரண்டு பேர் வந்து முடித்துவிட்டுக் கை கழுவிப் போய்விடுவார்கள், நான் இன்னும் நின்றுகொண்டிருப்பேன். வந்தாலும் நூல் மாதிரி வரும், நிற்கும், மறுபடி வரும். முடிந்தது என்று பேன்ட் ஜிப்பை இழுத்த பிறகு இரண்டு சொட்டு உள்ளே விழும். அதனால் கறுப்பு பேன்ட் மட்டும்தான் போடுகிறேன்.

இரவில் நான்கு தடவை எழுந்திருக்கிறேன். மனைவிக்கும் தூக்கம் கெடுகிறது.

எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுப் புளோக்குக்கு நடக்கும்வரை ஒன்றுமில்லை. லிப்டில் 11-வது மாடிக்கு ஏறும்போது லேசாகத் தோன்றும். கதவில் சாவியை நுழைத்தேனோ இல்லையோ, ஒரு வினாடிகூடத் தாங்காது. இரண்டு முறை வாசலிலேயே நனைந்துவிட்டது. சாவிக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம்?

இத்தனை வருடம் பயணிகளை வைத்துக்கொண்டு அடக்கி அடக்கித்தான் புராஸ்டேட் சுரப்பி வீங்கிவிட்டதா? வயதானால் சிறுநீர்ப்பை சுருங்கிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. பலதுறை மருந்தகத்தில் அடுத்த மாதம்தான் என் முறை. அதற்குள் விஷயம் தெரிந்துகொண்டு போனால் மருத்துவரிடம் ஒழுங்காகப் பேசலாமே என்று பார்க்கிறேன்.

அறிவியல் ஆசிரியர், தெம்பனிஸ்:

நான் மருத்துவன் இல்லை, உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் நிற்கும் நேரத்தைச் சொன்னதும் ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2014-ல் விலங்குகள் சிறுநீர் கழிப்பதைப் படம்பிடித்து நேரம் பார்த்தார்கள். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், ஆடானாலும் யானையானாலும், சராசரியாக 21 வினாடியில் முடித்துவிடுகின்றன. யானையின் சிறுநீர்ப்பை 18 லிட்டர் பிடிக்கும். அப்படியும் நேரம் ஏறக்குறைய அதே அளவுதான். பெரிய விலங்குக்கு வெளியேறும் குழாய் அகலமாகவும் இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது. நீளம் கூடக் கூட உள்ளே நிற்கும் நீரின் எடை கீழே தள்ளுகிறது.

மனிதருக்கு மனிதர், வேளைக்கு வேளை இது கூடும் குறையும். ஆனாலும் நீங்கள் ஒருமுறை கைபேசியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு வந்தது என்றும் அளந்துகொள்ளுங்கள். அளவையும் வினாடியையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும். உடம்பைப் பற்றிச் சொல்ல இங்கே தாதி அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் வரட்டும்.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, வந்துவிட்டேன். 34 வருடம் வார்டில் இருந்தவள் நான். கடைசி 19 வருடம் யூராலஜி, அதாவது சிறுநீர்ப்பாதை நோய் வார்டு. உங்களைப்போல எத்தனையோ ஆண்கள், ஒரு வருடம் இரண்டு வருடம் கூச்சப்பட்டுவிட்டு, கடைசியில் அவசரப் பிரிவு வழியாக எங்களிடம் வந்தார்கள். நீங்கள் முன்னாலேயே வாயைத் திறந்து கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடக்கியதால் புராஸ்டேட் வீங்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். அது வளர்வதற்கு வயதும் ஆண் ஹார்மோனும்தான் காரணம். டெஸ்டோஸ்டெரோனை உடம்பு டிஎச்டி என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றுகிறது, அதுதான் சுரப்பியை வளர்க்கிறது. டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களில் இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே இல்லாத ஆண்களை 1970-களில் மருத்துவர்கள் கண்டார்கள். அவர்களுக்கு வயதானாலும் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் பினாஸ்டிரைடு மாத்திரை வந்தது, 1992-ல். டாக்சி ஓட்டாத ஆண்களுக்கும் 60 வயதைத் தொட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும்.

சரி, சிறுநீர்ப்பைக்கு வருகிறேன். எல்லாரும் அதைச் சிறுநீரை வெளியே தள்ளும் உறுப்பு என்று நினைக்கிறார்கள். ஒரு நாளில் அது தள்ளுவது சில நிமிடம்தான். மற்ற 23 மணி நேரத்துக்கு மேல் சத்தமில்லாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. அதை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் புரியும்.

அடிவயிற்றில் முன்பக்க எலும்புக்குப் பின்னால் அது இருக்கிறது. காலியாக இருந்தால் மடிந்து தட்டையாகக் கிடக்கும். சிறுநீரகம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது, நாளுக்கு ஒன்றரை லிட்டர் வாக்கில். அங்கிருந்து ஒரு முழம்கூட இல்லாத இரண்டு மெல்லிய குழாய்கள், புழு நெளிவதுபோல நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளும். அந்தக் குழாய்கள் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றன. பை நிறைய நிறைய சுவரே அவற்றை அழுத்தி மூடிவிடும், நீர் மேலே திரும்பிப் போகாது.

பையின் உள்தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். நிறையும்போது சேலைக் கொசுவம் பிரிவதுபோலப் பிரிந்து கொடுக்கும். தசையும் இளகிக் கொடுக்கும். அதனால் 300 மி.லி. சேர்ந்தாலும் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறாது. 150, 200 மி.லி. வாக்கில் முதல் நினைப்பு வரும், பயணியை இறக்கிவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடலாம். 400-ஐத் தாண்டினால் நன்றாகவே முட்டும்.

வாசலில் இரண்டு பூட்டு. உள்பூட்டு பையின் கழுத்திலேயே இருக்கிறது, அது நம் சொல்பேச்சுக் கேட்காது. வெளிப்பூட்டு அதற்குக் கீழே, நாம் இறுக்கிப் பிடிப்பது அதைத்தான். நிறையும் நேரம் முழுக்க, நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நரம்பு பையைத் தளர்த்தி, கழுத்தை இறுக்கி வைக்கும். வெளியேற்றும் நேரம் வந்தால் வேலை திருவெலும்பிலிருந்து வரும் நரம்புக்கு மாறும். மாற்றிவிடும் விசை மூளைத்தண்டில் இருக்கிறது. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1925-லேயே பூனைகளிடம் இதைக் காட்டினார். அந்த விசையின் மேல் கை வைத்திருப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை. இடம் சரியா, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து அனுமதி தருவது அதுதான்.

அனுமதி கிடைத்ததும் முதலில் வெளிப்பூட்டு தளரும். அதற்கு அப்புறம்தான் பை சுருங்கும். இந்த வரிசையைக் கவனியுங்கள் தம்பி. பக்கத்தில் ஆள் வந்து நின்றதும் நீங்கள் அவசரப்பட்டு முக்குகிறீர்கள், முக்கும்போது இடுப்பின் அடித்தளத் தசை இறுகுகிறது, பூட்டும் இறுகுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விட்டுத் தோளைத் தளர்த்துங்கள். முடிந்தால் கதவுள்ள அறைக்குள் போய் உட்கார்ந்தே போங்கள். புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு உட்கார்ந்து போனால் பை இன்னும் கொஞ்சம் நன்றாகக் காலியாகும்.

இனி அந்தச் சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, வெளியேறும் வழியைச் சுற்றி வளைத்துக்கொண்டு இருக்கிறது. வாலிபத்தில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, 20 கிராம் வாக்கில் எடை. விந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீர் அங்கிருந்து வருகிறது. சிறுநீருக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, வழியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வயதில் வளர்வது வழியை ஒட்டிய உள்பகுதி. புற்றுநோய் பெரும்பாலும் வருவது பின்பக்க வெளிப்பகுதியில். இரண்டும் வேறு வேறு நோய், ஒன்று மற்றொன்றாக மாறாது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் முகத்தில் உயிர் வரும், வார்டில் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பெரியது என்பதைவிட எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதுதான் முக்கியம். 80 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகப் போகிறவர்கள் உண்டு. 30 கிராம் மேல்நோக்கி வளர்ந்து, பையின் வாயில் தக்கைபோல நின்று அடைத்தவர்களும் உண்டு.

வழி குறுகியதும் மேலே இருக்கும் பை என்ன செய்யும்? இன்னும் பலமாகத் தள்ளும். மூட்டை தூக்குகிறவர் புஜம்போல அதன் தசை தடித்து முறுக்கேறும். முறுக்கேறிய தசைக்குப் பொறுமை போய்விடும். 120 மி.லி. சேர்ந்தவுடனேயே தானாகத் துடித்துச் சுருங்கும். உங்களுக்குப் பகலில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அடைப்பு கீழே இருக்கிறது, நீங்கள் அனுபவிக்கும் அவசரம் மேலே பையிலிருந்து வருகிறது.

சாவியும் அதில்தான் சேரும். 27 வருடமாக வீட்டுக்கதவைத் திறந்ததும் நேரே கழிவறைக்குப் போயிருக்கிறீர்கள். கதவு என்றால் அனுமதி என்று மூளை பழகிவிட்டது. வாலிபத்தில் அந்த அனுமதி வந்தாலும் பை அடங்கி இருந்தது, இப்போது அடங்குவதில்லை. குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருவதும் இதே கதைதான். கதவுக்கு முன்னால் நின்று, அடித்தளத் தசையை நான்கைந்து முறை வேகமாக இறுக்கி விடுங்கள், காற்று பிரியாமல் அடக்குவோமே அந்தத் தசை. அது இறுகினால் பைக்கு அடங்கு என்று நரம்பு வழியாகச் செய்தி போகும். அலை தணிந்ததும் சாவியைப் போடுங்கள், ஓடாமல் நடந்து போங்கள்.

ஜிப்பை இழுத்த பிறகு விழும் சொட்டு பூட்டுக்குக் கீழே குழாயின் வளைவில் தங்கியது. போய் முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து மேல்நோக்கி அழுத்தி, முன்பக்கமாக வழித்து விடுங்கள், தங்கியது வந்துவிடும். கறுப்பு பேன்ட் கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் மனதில் பதிய வையுங்கள். முறுக்கேறிய பை பல வருடம் போராடிவிட்டு ஒரு கட்டத்தில் தளர்ந்து போகும். அப்போது அவசரம் இருக்காது, முட்டாது, ஆள் சுகமாகிவிட்டதாக நினைப்பார். 1990-களில் ஒரு பெரியவர் எங்கள் வார்டுக்கு வந்தார். கால் வீக்கம், அசதி என்று அனுப்பியிருந்தார்கள். ஒன்றுக்கு எப்படிப் போகிறது ஐயா என்றேன். அதெல்லாம் நல்லாப் போகுதம்மா, முன்னாடிதான் கஷ்டம், இப்போ இல்லை என்றார். அவர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ராத்திரி படுக்கை நனைகிறது, அவருக்கே தெரியவில்லை என்றார். சேலையைத் திருத்திக்கொண்டே தலை குனிந்து அவர் சொன்ன விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பெரியவர் தொப்புளுக்குக் கீழே வயிறு உருண்டையாக இருந்தது. சிறுநீரை வடிக்கும் கதீட்டர் குழாய் போட்டோம், 1,800 மி.லி. வந்தது. நிரம்பி வழிந்ததைத்தான் அவர் நன்றாகப் போகிறது என்று நினைத்திருக்கிறார். சிறுநீரகம் வரைக்கும் அழுத்தம் திரும்பிப் போய் அதுவும் கெட்டிருந்தது. அடைப்பு நீங்கியதும் சிறுநீரகம் தேக்கி வைத்ததையெல்லாம் கொட்டியது. அன்று இரவு முழுக்க மணிக்கு மணி அளந்து, போனதற்கு ஈடாக நரம்பில் நீர் ஏற்றினோம். பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழையபடி வரவில்லை.

அதனால் உங்கள் பை இன்னும் கத்துகிறதே, அது எனக்கு நல்ல செய்தி. கத்தும்போதே கவனித்துவிடலாம். ஆனால் சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, படுக்கை நனைந்தாலோ அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம். அறவே போகாமல் வயிறு உப்பினால் அப்படியே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்போதைக்கு எனக்கு ஒரு வேலை செய்துகொடுங்கள். சமையலறை அளவுக் குவளை மலிவானதாக ஒன்று வாங்கி, வண்டியில் ஒரு பாட்டிலும் வைத்து, மூன்று நாள் அளந்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கில் சேரும். இன்னொன்று, சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் தடம் பதிந்திருக்கிறதா, பாருங்கள்.

துறைமுகத்தில் இருந்தவர்:

தம்பி, எனக்கு 72. தாதி அக்கா சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் மாட்டினேன்.

சளிமாத்திரை. எனக்கும் உங்களைப்போல நூல் மாதிரிதான் வந்துகொண்டிருந்தது, சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் மூக்கடைப்பு. கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு வேளை போட்டேன். ராத்திரி 11 மணிக்குப் போய் நின்றால் ஒரு சொட்டு வரவில்லை. 1 மணிக்கும் இல்லை. விடியற்காலை 4 மணிக்கு வீட்டுக்குள் குனிந்துகொண்டே நடக்கிறேன், உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது. மகன் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனான். கதீட்டர் உள்ளே போய் 900 மி.லி. இறங்கினபோது அந்த இளம் மருத்துவரின் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டேன்.

அப்புறம்தான் விளக்கினார்கள். மூக்கடைப்பை எடுக்கும் சூடோஎபிட்ரின் மூக்கின் ரத்தக்குழாயை இறுக்குவதுபோலப் பை கழுத்தையும் புராஸ்டேட்டில் உள்ள தசையையும் இறுக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவழைக்கிற மாத்திரைகள் பை சுருங்குவதையே மந்தமாக்கும். என் மாத்திரையில் இரண்டும் சேர்ந்து இருந்தது. இப்போது மருந்துக்கடையில் எது வாங்கினாலும், எனக்குப் புராஸ்டேட் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள், போனது. ஆனால் அடுத்த வருடம் மறுபடி அடைத்துக்கொண்டது, அதனால் டியுஆர்பி என்ற அறுவை செய்துகொண்டேன். வயிற்றில் வெட்டு இல்லை. சிறுநீர் போகும் வழியாகவே கருவியை விட்டு உள்ளே அடைத்திருக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள், ஆரஞ்சின் சுளையை எடுத்துத் தோலை விடுவதுபோல. இரண்டு நாள் பெரிய குழாய் இருந்தது, ஒரு பக்கம் உப்புநீர் உள்ளே போகும், மறுபக்கம் வெளியே வரும். முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் மாதிரி, மூன்றாம் நாள் தெளிந்தது. மருத்துவர் முன்பே சொன்ன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பை கழுத்தின் உள்பூட்டு அதில் போய்விடுவதால் விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிவிடும், பிறகு சிறுநீரோடு போகும். கெடுதல் இல்லை. ஆனால் முன்கூட்டியே மனைவியிடம் பேசிவிடுங்கள்.

பிஎஸ்ஏ என்று ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். எனக்கு 30 வருடம் பிஎஸ்ஏ என்றால் நான் வேலை பார்த்த துறைமுக நிறுவனத்தின் பெயர்தான். இந்தப் பிஎஸ்ஏ புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதம், கெட்டியான விந்தை இளக வைப்பது அதன் வேலை. அளவு கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். வீக்கம், கிருமித் தொற்று, கதீட்டர் போட்டது, எல்லாவற்றுக்கும் ஏறும். நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இளைத்துப்போனேன், கடைசியில் ஒன்றுமில்லை.

ஈசூன் டாக்சி:

அக்கா, அண்ணன், ஆசிரியர், எல்லாருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மூன்று நாள் அளந்தேன். இரண்டாம் நாள் கணக்கு இது. பகலில் ஆறு தடவை: 110, 180, 130, 170, 200, 120. மொத்தம் 910 மி.லி. இரவில் 280, 310, 260, காலையில் எழுந்ததும் 300. மொத்தம் 1,150. இரவில் போனது பகலைவிட அதிகம்! மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய இப்படித்தான். எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கே ஒன்று தெரிந்தது. பகலில் 120-க்குத் தவிக்கிற அதே பைதான் தூக்கத்தில் 310 பிடிக்கிறது. சுருங்கிப் போகவில்லை.

குடித்த கணக்கு அதைவிட ஆச்சரியம். வண்டியில் அடிக்கடி நிறுத்த வேண்டாம் என்று பகலில் அரை பாட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, இரண்டு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) மட்டும். இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் தாகம் தாங்காமல் ஒரு லிட்டர் தண்ணீர், சாப்பாட்டில் ரசம், 10 மணிக்குத் தேநீர். நாள் முழுவதும் குடிக்க வேண்டியதைப் படுக்கப் போகுமுன் குடித்திருக்கிறேன். காலுறைத் தடமும் இருக்கிறது அக்கா, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிறது.

அந்தத் தாளைப் பலதுறை மருந்தகத்தில் கொடுத்தேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு ஏழு கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டார், 35-க்கு 18. விரலால் சோதித்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நான் பயந்த அளவு இல்லை. சிறுநீர், ரத்தம் எல்லாம் பார்த்து, மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே புனல் வைத்த ஒரு கருவியில் போகச் சொன்னார்கள். அதிகபட்ச வேகம் வினாடிக்கு 9 மி.லி. அதற்குப் பிறகு வயிற்றில் ஸ்கேன், உள்ளே 90 மி.லி. மிச்சம். சுரப்பி 42 கிராம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பிஎஸ்ஏவும் என் வயதுக்குச் சரி என்றார்கள். புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை இரவுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது இரவில் இரண்டு தடவைதான் எழுகிறேன். நூல் போய்க் கயிறு மாதிரி வருகிறது. கதவுக்கு முன் தசையை இறுக்கும் பயிற்சியில் முதல் வாரம் நம்பிக்கை இல்லை, மூன்றாவது வாரத்திலிருந்து பலிக்கிறது. வாசல் நனையவில்லை.

இரண்டு சந்தேகம். கால் வீக்கத்துக்கும் இரவில் போவதற்கும் என்ன தொடர்பு? அம்லோடிபினை நானே நிறுத்திப் பார்க்கலாமா? நவம்பரில் வலது கண்ணில் புரை அறுவை இருக்கிறது, அதற்குள் இரவு தூக்கம் சீரானால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, அந்தத் தாளைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது. வார்டில் இருந்திருந்தால் எல்லாருக்கும் காட்டியிருப்பேன்.

நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால் நீர் காலில் இறங்கித் தங்குகிறது, அம்லோடிபினும் கணுக்காலில் நீர் கட்ட வைக்கும். நீங்கள் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயத்துக்கு வரும் ரத்தம் கூடுகிறது, அது தண்ணீரும் உப்பும் மிஞ்சிவிட்டது என்று நினைத்து ஒரு ஹார்மோன் அனுப்பிச் சிறுநீரகத்தை வெளியேற்றச் சொல்கிறது. வாலிபத்தில் இரவானால் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடிச் சிறுநீரைக் குறைக்கும், வயதில் அந்த உதவியும் குறைந்துவிடும். சாயங்காலம் ஓட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருங்கள், அந்த நீரைத் தூங்கப் போகுமுன்னே வெளியேற்றிவிடலாம். தண்ணீரைப் பகலுக்கு மாற்றுங்கள், இரவுத் தேநீரை விடுங்கள். அம்லோடிபினை நீங்களாக நிறுத்தவே கூடாது. காலில் பள்ளம் விழுகிறது என்று மருத்துவரிடம் காட்டுங்கள், இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். டாம்சுலோசின் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும், அதனால் இரவில் எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுந்திருங்கள்.

கண் அறுவை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், நல்லவேளை எழுதினீர்கள். டாம்சுலோசின் புராஸ்டேட்டில் எந்தத் தசையைத் தளர்த்துகிறதோ அதே வகைத் தசை கண்ணின் கருவிழித் திரையிலும் இருக்கிறது. அறுவையின்போது அந்தத் திரை துவண்டு, கண்மணி சுருங்கிவிடும். 2005-ல்தான் கண் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு செய்வார்கள், பயமில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் அதன் தன்மை கண்ணில் தங்கியிருக்கும், அதனால் இடையில் நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். நாளைக்கே கண் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, மருந்தின் பெயரையும் என்றைக்கு ஆரம்பித்தீர்கள் என்பதையும் உங்கள் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.